வலை நெய்தவரிடம் ஒரு கேள்வி

நூலொன்றைத் திறனாய்வு செய்யப் புகுந்தவர் அதன் ஓரிரு பத்திகளிலேயே தங்கிவிடுவது முறையன்று என்பதை அறிவோம். ஆயினும் இம்முறை நமக்கு அவ்வாறே நேர்ந்துவிட்டது. நூல், டிம் பெர்னர்ஸ்-லீ 1999ஆம் ஆண்டில், மார்க் ஃபிஷெட்டி என்பவரின் துணையோடு எழுதி வெளியிட்ட 'வீவிங் த வெப்'. வலையை நெய்தல் என்று தமிழாக்கலாம். இன்று நம் இல்லங்களில் சிறுவர் முதல் முதியோர் வரை கைப்பேசியில் திறந்து பார்க்கும் வைய விரிவு வலையை உருவாக்கிய மனிதர், அது உருவான வரலாற்றைத் தாமே எடுத்துரைக்கும் நூல் அது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. கணிப்பொறித்துறை நூல்களுக்கு அது மிக முதிர்ந்த வயது. எனினும் அதனை நாம் இரண்டாம் முறையாகத் தேடி எடுத்து வாசித்தமைக்குக் காரணம் உண்டு.

நூலின் ஓரிடத்தில், சொற்பொழிவாற்றச் செல்லும் ஊர்களிலெல்லாம் தம்மைத் தொடர்ந்து வரும் கேள்வி ஒன்றை ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். இத்துணைப் பெரியதொன்றைக் கண்டுபிடித்தும் அதனால் பெருஞ்செல்வம் ஈட்டவில்லையே, வருத்தம் இல்லையா என்பதே அது. வருத்தம் இல்லை, தெரிந்தே எடுத்த முடிவுகள் அவை என்பது அவர் தரும் விடை. அதோடு அவர் நிற்கவில்லை. இக்கேள்வி சிலருக்கு அத்துணை முக்கியமாகத் தோன்றுவதே தம்மை வருத்துகிறது என்கிறார். ஒரு மனிதனின் மதிப்பை அவன் சேர்த்த பணத்தைக்கொண்டு அளக்கும் மனப்போக்கு அவருக்குச் சினமூட்டுகிறது. அமைதியான நடையில் செல்லும் நூலில் குரல் உயர்வது அவ்விடத்தில்தான். அமெரிக்காவில்தான் மிகுதியாக இவ்வாறு கேட்கிறார்கள், ஐரோப்பாவில் அப்படியில்லை என்றும் ஒரு குறிப்பைச் சேர்க்கிறார். நம் கடற்கரை ஊர்களில் ஒரு வாரம் தங்கியிருப்பாராயின் அப்பட்டியலை நீட்டியிருப்பார்.

ஏனெனில், அக்கேள்வியைக் கேட்டவர்களுள் நாமும் ஒருவர்.

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் தன் மடிக்கணிப்பொறியோடு பங்கு இல்லத்திற்கு வந்தான். பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்றில் வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தான். மூன்று மாதப் பயிற்சி அப்போதுதான் முடிந்திருந்தது. தான் தனியே எழுதிய முதற்பக்கத்தை நமக்குக் காட்ட விரும்பினான். திரையில் 'காற்றுகள்' என்று பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. அதன்கீழ் கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என நான்கு சொற்கள், நீல நிறத்தில், அடிக்கோட்டுடன். முதற்சொல்லைத் தொட்டால் வேறொரு பக்கம் திறந்தது. கொண்டல் எத்திசையிலிருந்து வீசும், அப்போது கடல் எவ்வாறிருக்கும் என்று அவனுடைய பாட்டனார் சொன்னது ஆறேழு வரிகளில் எழுதப்பட்டிருந்தது. வண்ணங்கள் கண்ணை உறுத்தின. எழுத்துப் பிழைகளும் இருந்தன. அவ்வரிகளை வாசித்து முடிப்பதற்குள் நம் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை: "நல்லது தம்பி. இதைப் படித்தால் மாதம் எவ்வளவு சம்பளம் கிடைக்கும்?"

"தெரியல சாமி" என்றான். கணிப்பொறியை மூடி உறையிலிட்டுக்கொண்டான். சிறிது நேரம் வேறு செய்திகளைப் பேசிவிட்டுச் சென்றான். அன்றிரவுதான் நூலை மீண்டும் கையில் எடுத்தோம்.

அவன் செய்திருந்தது யாது என்பதை, இத்துறை அறியாத வாசகருக்காகச் சற்று விரித்துரைக்க வேண்டும். வலைப்பக்கம் எழுதப் பயன்படும் ஹெச்.டி.எம்.எல். என்பதைக் கண்டிப்பாகச் சொன்னால் நிரல்மொழி என்று கூறவியலாது. அது குறிமொழி. எழுதிய உரையில் இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று அடையாளமிட்டுக் காட்டும் முறை. கையெழுத்துப் படியின் ஓரத்தில் அச்சுக்கோப்பவருக்குக் குறிப்பெழுதி அனுப்பிய பழைய இதழாசிரியர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கோணக் குறிகளுக்கிடையில் 'பி' என்னும் எழுத்தை இட்டால் அங்கே ஒரு பத்தி தொடங்குகிறது. அதே எழுத்தின்முன் ஒரு சாய்கோட்டைச் சேர்த்தால் பத்தி முடிகிறது. 'ஹெச் 1' என்றால் முதல்தரத் தலைப்பு. பத்துப் பன்னிரண்டு குறிகளை அறிந்தவன் ஒரே பிற்பகலில் ஒரு பக்கத்தை எழுதிவிடலாம்.

இக்குறிகளுள் வலையை வலையாக்கியது 'ஏ' என்னும் ஒற்றை எழுத்துக் குறிதான். அவ்வெழுத்து 'ஆங்கர்' என்னும் சொல்லின் சுருக்கம், பொருள், நங்கூரம். ஒரு பக்கத்திலுள்ள சொல்லில் நங்கூரமிட்டு, அதன் கயிற்றை உலகின் எம்மூலையிலுமுள்ள வேறொரு பக்கத்தில் கட்டிவிடலாம். கட்டுவதற்கு அந்தப் பக்கத்துக்காரரின் இசைவு வேண்டியதில்லை. நடுவே அமர்ந்து பதிவு செய்யும் அலுவலகமும் இல்லை. பெர்னர்ஸ்-லீக்கு முன்பும் உரைகளை இணைக்கும் அமைப்புகள் இருந்தன. ஆனால் அவற்றுள் பல, எல்லா இணைப்புகளும் எப்போதும் பழுதின்றி இருந்தாக வேண்டும் என்று வற்புறுத்தியமையால் சிறிய வட்டத்திற்குள்ளேயே நின்றன. இவரோ, கயிறு அறுந்தால் அறுந்துபோகட்டும் என்று விட்டுவிட்டார். தேடிய பக்கம் இல்லையெனில் 404 என்னும் எண் தோன்றும், அவ்வளவே. அறுந்துபோகும் உரிமையை அளித்ததால் வலை வளர்ந்தது என்று அவர் விளக்கும் பகுதியே நூலின் சிறந்த பகுதி என்போம்.

உலாவியின் பொறுமையையும் குறிப்பிட்டாக வேண்டும். கற்கத் தொடங்கியவன் ஒரு குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தாலும், அறியாத குறியை எழுதினாலும், உலாவி வேலையை நிறுத்திவிடுவதில்லை. இயன்றவரை ஊகித்துப் பக்கத்தைக் காட்டிவிடுகிறது. பிழையோடு வருபவனை வாசலில் நிறுத்தாத இப்பண்பு ஆசிரியர்க்கும் குருக்களுக்கும் எளிதில் வாய்ப்பதன்று. மற்றொரு வசதியும் உண்டு. எந்தப் பக்கத்தையும் திறந்து, அதன் மூலத்தைக் காட்டு என்று உலாவியிடம் கேட்டால், அப்பக்கத்தின் குறிகளை அப்படியே விரித்துவைக்கிறது. ஒருவர் வேலையைப் பார்த்து மற்றவர் கற்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். தொண்ணூறுகளில் உலகெங்கும் எண்ணற்றவர் வலைப்பக்கம் எழுதக் கற்றது இவ்வாறுதான். கட்டணம் யாரும் கேட்கவில்லை.

இவையெல்லாம் தற்செயலாக அமைந்தவை அல்ல என்பதை நூல் தெளிவாக உணர்த்துகிறது. ஆசிரியரின் தாய்தந்தையர் இருவரும் மான்செஸ்டரில் உருவான ஃபெராண்டி மார்க் 1 என்னும் தொடக்ககாலக் கணிப்பொறிக்கு நிரல் எழுதியவர்கள். தாம் விரும்பிய பணியைச் செய்வதே முதன்மை, பணம் அதற்குப் பின்னர்தான் என்னும் ஒழுங்கு அவ்வீட்டில் இருந்ததாம். 1989 மார்ச்சில், ஜெனீவாவையொட்டிய செர்ன் அணு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது தம் திட்டத்தை எழுதி மேலதிகாரியிடம் தருகிறார். தெளிவில்லை, ஆனாலும் ஆர்வமூட்டுகிறது என்னும் கருத்துப்பட அதன் தலைப்பில் மைக் சென்டால் கிறுக்கிவைத்த குறிப்பு இன்று அருங்காட்சிப் பொருளாகிவிட்டது. அத்திட்டத்திற்குப் பெயர் தேடியபோது 'தகவற் சுரங்கம்' என்று பொருள்படும் பெயரும் அவர் மனத்தில் எழுந்தது. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'டிம்' என்று தம் பெயரே வருவதைக் கண்டு கூசி விலக்கினார். வேறொரு காரணமும் சொல்கிறார். சுரங்கத்திலிருந்து எடுக்கத்தான் முடியும், இட முடியாது. அவர் விரும்பியது, எல்லாரும் இட்டு எல்லாரும் எடுக்கும் ஒன்று.

ஆகவேதான் 1990ஆம் ஆண்டின் இறுதியில் அவர் எழுதிய முதல் உலாவி, எழுதும் கருவியாகவும் இருந்தது. வாசிக்கும் பக்கத்தை அங்கேயே திருத்தலாம். புதிய பக்கத்தை அங்கேயே தொடங்கலாம். வாசிப்பவர் வேறு, எழுதுபவர் வேறு என்னும் பிரிவினை அவர் கருத்திலேயே இல்லை. பின்னர் 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எழுந்து உலகப் புகழ்பெற்ற மொசைக் உலாவி, படங்களை அழகாகக் காட்டியது. எழுதும் வசதி அதில் இல்லை. பெர்னர்ஸ்-லீக்கு அது ஆறாத வருத்தம். நூலில் பலமுறை அதற்குத் திரும்பி வருகிறார். முதல்வாசிப்பில் நமக்கு இது ஒரு தொழில்வல்லுநரின் சிறு மனக்குறையாகவே பட்டது. காற்றுகளின் பக்கத்தைக் கண்டபின் வாசிக்கும்போது அதன் கனம் விளங்கியது. தன் பாட்டனாரின் சொற்களை வலையில் இட வந்தவன், அது உருவாக்கப்பட்ட முதல்நாள் நோக்கத்தை, அறியாமலே நிறைவேற்றியிருந்தான். நாமோ அவனைச் சுரங்கத்தின் வாயிலில் நிறுத்தி, எடுக்கப்போவது எவ்வளவு என்று கேட்டோம்.

பணம் வலைக்குள் நுழைந்த வரலாற்றை நூல் அடக்கமாகவே கூறுகிறது. அதே காலத்தில் வலையைவிடப் பரவலாக இருந்தது மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கோஃபர் என்னும் அமைப்பு. 1993இன் முற்பகுதியில் அப்பல்கலைக்கழகம், சிலவகைப் பயனாளரிடம் உரிமக் கட்டணம் பெறப்போவதாக அறிவித்தது. கட்டணம் எவ்வளவு என்பதுகூட அன்று பெரிய செய்தியாக இல்லை. நாளை என்ன கேட்பார்களோ என்னும் ஐயமே போதியதாயிற்று, மக்கள் விலகினர். பெர்னர்ஸ்-லீயும் அவர் தோழர் ராபர்ட் காயோவும் தம் ஆய்வுக்கூடத்தை விரைந்து வற்புறுத்தினர். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன், வலையின் அடிப்படை மென்பொருளைப் பொதுவுடைமை ஆக்குவதாக எழுத்தில் அறிவித்தது. எவரும், எதற்கும், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்றது. அவ்வறிக்கை இரண்டு பக்க அளவே கொண்டது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1995 ஆகஸ்டு 9 அன்று, மொசைக்கை எழுதியவர்களுள் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் தோற்றுவித்த நெட்ஸ்கேப் நிறுவனம் பங்குச் சந்தையில் இறங்கியது. தொடங்கி ஏறத்தாழ 16 மாதங்களே ஆன நிறுவனம் அது. 28 டாலருக்கு வழங்கப்பட்ட பங்கு அன்று மாலை 58.25 டாலரில் நின்றது. அடுத்த ஆண்டு அவ்விளைஞர் வெறுங்காலோடு அரியணையில் அமர்ந்த படத்தை 'டைம்' இதழ் அட்டையில் வெளியிட்டது. கணிப்பொறி கற்பவன் செல்வனாவான் என்னும் படிமம் உலகத்தார் மனத்தில் பதிந்தது அந்நாள்களில்தான். வலையை நெய்தவரிடம், நீர் ஏன் அப்படி ஆகவில்லை என்று கேட்கத் தொடங்கியதும் அதன் பிறகே.

அவ்வவசரத்தின் தழும்பு கற்பவனின் பாடத்திலேயே இன்றளவும் இருக்கிறது என்பதை நூல் கூறவில்லை, நாம் சொல்வோம். குறிமொழிக்கு அடுத்துக் கற்பிக்கப்படுவது ஜாவாஸ்கிரிப்ட். இது உண்மையான நிரல்மொழி. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப்பின் பிரெண்டன் ஐக் என்பவர் அதன் முதல்வடிவை, போட்டியாளர் முந்திவிடுவார்களோ என்னும் நெருக்கடியில், பத்தே நாள்களில் ஆக்கினார். அக்காலத்தில் புகழோடிருந்த ஜாவா என்னும் வேறொரு மொழியின் பெயரை, விற்பனைக்கு உதவும் என்பதற்காக ஒட்டவைத்தார்கள். இன்றும் அம்மொழியில், ஒன்றுமில்லை எனப் பொருள்படும் 'நல்' என்னும் சொல்லின் வகை யாது என்று வினவினால், 'பொருள்' என்று விடை வருகிறது. முதல்வடிவில் நேர்ந்த பிழை அது. திருத்தினால் ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்கள் பழுதாகும் என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள். குருமடத்தில் மெய்யியல் பயின்ற காலத்தில் இன்மையைப் பற்றி எத்தனையோ வாதங்களைக் கேட்டிருக்கிறோம். இன்மையைப் பொருள் என்று துணிந்து சொன்னவரைக் கண்டதில்லை. தமிழில் 'பொருள்' என்பதற்குச் செல்வம் என்றும் பொருளுண்டு என்பதை ஐக் அறிந்திருக்க மாட்டார்.

இதுவரை நூலோடு உடன்பட்டே வந்தோம். இனி முரண்பட வேண்டிய இடம்.

பெர்னர்ஸ்-லீ தம் வலையை விலையின்றி வழங்கியபோது அவர் பசித்தவர் அல்லர். செர்ன் அவருக்கு மாத ஊதியம் தந்தது. அவ்வூதியம் ஐரோப்பிய நாடுகளின் மக்கள் செலுத்திய வரியிலிருந்து வந்தது. 1994இல் அங்கிருந்து விலகியதும் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவரை வரவேற்றது. கொடுக்க இயன்றவர் கொடுத்தார், அது நற்செயலே. ஆனால், கொடுப்பதற்குரிய பாதுகாப்பு தமக்கு வாய்த்திருந்தது என்பதை நூல் ஓரிரு சொற்களில் கடந்துவிடுகிறது. அவர் சினங்கொண்ட கேள்வியை வீட்டு வாடகைக்கு அஞ்சும் ஒருவர் கேட்டால், அதே சினம் பொருந்துமா? இதற்கு நூலில் விடையில்லை. அமெரிக்கரைக் கடிந்த பத்தி நம்மை மகிழ்வித்தது உண்மை. மறுநாள் அந்த இளைஞனின் தந்தை வந்து பேசியபோது அம்மகிழ்ச்சி குறைந்தது.

விசைப்படகில் கூலிக்குச் செல்பவர் அவர். பயிற்சிக் கட்டணத்திற்காக மனைவியின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. "எவ்வளவு கிடைக்கும்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க சாமி. நாங்க கேட்டா எரிஞ்சு விழுறான்" என்றார். பயிற்சி நிலையம் அளித்த மடிப்பிதழையும் காட்டினார். முதற்பக்கத்தில் மாணவர் சிரிக்கும் படமும், கிடைக்கவிருக்கும் ஆண்டுச் சம்பளமும். என்ன கற்பிப்பார்கள் என்பது பின்பக்கத்தில், சிறிய எழுத்தில். அதனை ஒரு நூலாகப் பாவித்துத் திறனாய்வு செய்வதானால், முடிவை அட்டையிலேயே அச்சிட்டுவிட்ட நூல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இத்தந்தையின் கேள்வியும், செல்வர் கூடிய அரங்கில் பெர்னர்ஸ்-லீயை நோக்கி எழுந்த கேள்வியும் சொல்லளவில் ஒன்றே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைப் பிரித்துக்காட்டப் புனித தோமா அக்குவினாரைவிடச் சிறந்த துணை நமக்குத் தென்படவில்லை. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, தம் இறையியல் தொகுப்பில், செல்வத்தை அவர் இருவகையாகப் பகுக்கிறார். உணவு, உடை, உறையுள் போன்றவை இயற்கைச் செல்வம். இவற்றின்மீது எழும் ஆசைக்கு எல்லையுண்டு. வயிறு நிறைந்தால் கை தானே நிற்கும். பணமோ பரிமாற்றத்திற்காக மனிதன் ஆக்கிய செயற்கைச் செல்வம். அதன்மீது எழும் ஆசைக்கு இயல்பில் எல்லையில்லை. எவ்வளவு போதும் என்று சொல்ல உடலில் எந்த உறுப்பும் இல்லை. அத்தந்தை கேட்டது முதல்வகை. அடகுச் சங்கிலி மீள வேண்டும், மகள் திருமணம் நடக்க வேண்டும் என்னும் அவர் தேவைக்கு ஓர் அளவு இருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதிக் கூட்டிவிடலாம். அதனைப் பேராசை என்று நாம் பீடத்திலிருந்து கடிந்தால் அது அநீதி. உழைப்பவனும் அவன் குடும்பமும் தகுதியாக வாழப் போதிய ஊதியம் வேண்டும் என்பது 1891 முதல் திருத்தந்தையர் வலியுறுத்திவரும் போதனை.

ஆனால் சமுதாயம் அக்கேள்வியை அளவோடு விடுவதில்லை. முதற்சம்பளம் வந்ததும், அடுத்த வீட்டுப் பையனுக்கு இதைவிடக் கூடுதலாமே என்கிறது. பெண் பார்க்கும் வீட்டில் தொகையைக் கேட்டபின் துறையைக் கேட்கிறார்கள். சில வீடுகளில் துறையைக் கேட்பதே இல்லை. ஓராண்டுக்கு ஒருமுறை நிறுவனம் மாறாதவனைத் திறமையில்லாதவன் என்று நண்பர்களே நகைக்கிறார்கள். தேவையிலிருந்து தொடங்கிய கேள்வி எந்த நாளில் எல்லையைக் கடந்தது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாதபடி அது நடந்துவிடுகிறது. ஏழையின் நியாயமான தேவையைச் சாட்சிக்கு அழைத்து வந்து, முடிவில்லாத ஆசைக்குத் தீர்ப்பு வாங்கிக்கொள்கிறோம். பெர்னர்ஸ்-லீ இந்த நுட்பத்தைக் காணவில்லை என்பதே நம் குறை.

இந்த ஆசையைக்கொண்டு பிழைப்பவரும் உளர். அமெரிக்காவில் ஒரு வலைநிரல் பயிற்சிப் பள்ளி, முன்பணம் வேண்டாம், ஆண்டுக்கு 50,000 டாலருக்குமேல் சம்பாதித்தால் 24 மாதங்களுக்கு வருவாயில் 17 விழுக்காட்டைத் தந்தால் போதும் என்றது. உச்சவரம்பு 30,000 டாலர். இது கடனன்று என்றும் மாணவரிடம் கூறியது. 2024 ஏப்ரலில் அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, அது கடனேதான் என்று கண்டு, அப்பள்ளி நுகர்வோர்க்குக் கடன் வழங்க நிரந்தரத் தடை விதித்தது. படித்தவருள் 71 முதல் 86 விழுக்காட்டினர் வேலை பெற்றதாக விளம்பரம் செய்திருந்தார்கள். உண்மை 50 விழுக்காட்டை ஒட்டியும் அதற்குக் கீழும் இருந்தது. கட்டணமே கேட்காமல் வளர்ந்த ஒரு கலையைக் கற்க வந்தவர்கள், தம் வருங்கால ஊதியத்தின் ஒரு பங்கை எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

அந்த ஊதியமும் உறுதியானதன்று. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேரையும், 2023 சனவரியில் கூகுளின் தாய்நிறுவனம் 12,000 பேரையும் விலக்கப்போவதாக அறிவித்தன. அதே காலத்தில் வந்த செயற்கை அறிவுக் கருவிகள், கற்கத் தொடங்கியவன் மூன்று மாதத்தில் எழுதும் பக்கத்தை ஒரு நிமிடத்திற்குள் எழுதித் தருகின்றன. சம்பளத்திற்காக மட்டுமே கற்றவனுக்கு இதைவிடக் கொடிய செய்தி இல்லை. அவன் கற்றதற்கு வேறு பயனே இல்லை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தாமே. உழைப்பின் மதிப்பு முதலில் உழைப்பவனைப் பொறுத்தது, விளைந்த பொருளைப் பொறுத்தது பின்னரே என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் 'லபோரம் எக்ஸர்சென்ஸ்' சுற்றுமடலில் விளக்கியதைக் குருமடத்திலிருந்து வெளிவந்த நாள்முதல் நாம் எத்தனையோ மே முதல்நாள் மறையுரைகளில் எடுத்தாண்டிருக்கிறோம். ஓர் இளைஞன் முன்னால் வந்து அமர்ந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

நூலாசிரியரைப் பீடத்தில் ஏற்றவும் நாம் விரும்பவில்லை. வருங்காலத்தில் என்ன செய்வேன் என்பது பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அதே பத்தியில் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார். 2018இல் ஒரு நிறுவனத்தில் பங்காளியானதை வெளிப்படையாக அறிவித்தார். வலையின் மூல நிரலுக்குரிய எண்முறைச் சான்றொன்று 2021இல் சாதபீஸ் ஏலக்கடையின் வழியே 54 லட்சம் டாலருக்குச் சற்று மேலாக விலைபோனது. தாமும் மனைவியும் ஆதரிக்கும் பணிகளுக்கு அத்தொகை செல்லும் என்றார். இலவசமாக வழங்கியதன் சான்றை ஏலமிட்டது முறையா என்று அன்று பலர் வாதிட்டனர். நமக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. சற்று விந்தையாகப் பட்டது. இறுதி அதிகாரத்தில் அவர் தம் யூனிட்டேரியன் யூனிவர்சலிச சமய உணர்வையும் வலையையும் ஒப்பிடுவது நமக்கு உடன்பாடன்று. விசுவாசக் கோட்பாடுகளை அத்துணை எளிதாக விலக்கிவைக்க நம்மால் இயலாது. நடுப்பகுதியில் குழுக்கள், தரநிர்ணயங்கள் பற்றிய அதிகாரங்கள் ஆண்டறிக்கைபோல் நீள்கின்றன. கணிப்பொறி அறியாத வாசகர் அவற்றைத் தாண்டிச் செல்லலாம்.

நூல் சொல்லாத ஒரு கிளைக்கதை தமிழ் வாசகருக்கு உரியது. வலை பிறந்த ஜெனீவாவும் லொசான் நகரமும் ஒரே ஏரியின் கரையில் உள்ளன. லொசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், நண்பர்களின் துணையோடு மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தமிழ் இலக்கியங்களைக் கணிப்பொறியில் உள்ளிட்டு, பிழைதிருத்தி, வலையில் எவரும் விலையின்றிப் பெறுமாறு வைப்பதே பணி. முதலில் வைத்தது திருக்குறள். உலகின் பல நாடுகளிலிருந்து தட்டெழுதியவர்களுள் பெரும்பாலோர் கணிப்பொறி வல்லுநர் அல்லர். மாலை நேரங்களில் கற்றுக்கொண்ட தொடக்கநிலையினர். அவர்களும் தத்தம் தொழிலில் ஊதியம் பெற்றவர்களே. ஊதியம் வேண்டும் என்பதும், ஊதியமில்லாத ஒன்றை நன்கு செய்ய வேண்டும் என்பதும் அவர்கள் வீடுகளில் ஒன்றையொன்று துரத்தாமல் வாழ்ந்திருக்கின்றன.

தந்தைக்கு நாம் விடை சொல்லியாக வேண்டியிருந்தது. விசாரித்து, தொடக்கநிலையில் உள்ளவர்க்கு எவ்வளவு கிடைக்கக்கூடும், எத்தனை மாதம் காத்திருக்க நேரலாம் என்று அறிந்தவரை சொன்னோம். மடிப்பிதழில் இருந்த தொகையில் பாதிக்கும் கீழே அது. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்து, "சங்கிலிய மீட்டிரலாம்ல சாமி?" என்று கேட்டார். மீட்டுவிடலாம், ஓராண்டு ஆகலாம் என்றோம். தலையசைத்தார்.

மகனிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. பாஸ்கா விழா கழிந்த வாரம், வலை காய்ந்துகொண்டிருந்த மணலில் அவனையும் பாட்டனாரையும் சேர்ந்தே கண்டோம். அன்று முழுமையாகப் பார்க்காமல் விட்ட பக்கத்தைக் காட்டுமாறு கேட்டோம். கைப்பேசியிலேயே திறந்தான். வண்ணம் மாறியிருந்தது, கொண்டலுக்குப் பின் கச்சானும் வாடையும் நிறைந்திருந்தன. நான்காவது சொல்லைத் தொட்டோம். 404 வந்தது. "அது இன்னும் எழுதல சாமி. சோழகம் பத்தித் தாத்தா ஒண்ணு சொல்றாரு, அப்பா ஒண்ணு சொல்றாரு" என்றான். பாட்டனார் கண்ணியிலிருந்து ஊசியை எடுக்காமலே, அவன் அப்பனுக்கு என்ன தெரியும் என்று தொடங்கினார். நாங்கள் இருவரும் மணலில் அமர்ந்தோம்.